300 கெஜம் பறந்த பந்து, 3 அடியில் சறுக்கியது!

18 குழிகள். பதினெட்டிலும் குறி தப்பவில்லை. ஒரு பந்துகூடப் புதரில் விழவில்லை. மணலில் போய்ப் படுக்கவில்லை. போய்ச் சேரவேண்டிய பச்சைத்தரைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தது. ஆனாலும், கோப்பை அவருக்குக் கிடைக்கவில்லை!

2022-ம் வருஷம் ஜூலை 17-ந் தேதி. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊர். கோல்ப் ஆட்டத்தின் தாய்வீடு என்று உலகமே சொல்லும் ஊர் அது. அங்கே 150-வது ஓபன் போட்டியின் கடைசி நாள்.

வடக்கு அயர்லாந்து வீரர் ரோரி மக்கில்ராய் அன்று காலை முன்னணியில் இருந்தார். உலகத்திலேயே மிக நீளமாகப் பந்தை அடிக்கக்கூடிய ஒரு சிலரில் அவர் ஒருவர். அவருக்கு 4 பின்தங்கி இருந்தவர் ஆஸ்திரேலியாவின் கேமரன் ஸ்மித்.

மாலையில் கணக்குப் பார்த்தார்கள். 18 பச்சைத்தரைகளை எட்டுவதற்கு மக்கில்ராய்க்கு 34 தடவை அடிப்பதே போதுமாக இருந்தது. பிரமாதமான ஆட்டம்! ஆனால், குழிக்கு அருகே வந்த பிறகு பந்தை உள்ளே தள்ள 36 தடவை தட்டினார். ஒவ்வொரு குழிக்கும் இரண்டு தட்டு. ஒரு குழியில்கூட ஒரே தட்டில் பந்து விழவில்லை!

மொத்தம் 70. ஸ்மித்தோ, 10-வது குழி முதல் 14-வது குழிவரை வரிசையாக ஐந்து குழிகளில் ஒவ்வொரு தடவை மிச்சம் பிடித்தார். அவர் கணக்கு 64. கோப்பை அவருக்கு. மக்கில்ராய்க்கு மூன்றாவது இடம்தான்.

பந்தை நெடுந்தூரம் அடிக்கத் தெரிந்தவனை, கைக்கெட்டும் தூரம் தோற்கடித்தது. இது எப்படி நடக்கிறது? அதுதான் இந்த வாரக் கட்டுரை.

கிட்டிப்புள்ளும் கோலியும்

"இது பெரிய இடத்து ஆட்டம். நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்த ஆட்டம் ஒன்றும் நமக்கு அத்தனை தூரத்தில் இல்லை. ஓசூர்ப் பக்கத்திலேயே ஒரு கோல்ப் மைதானம் இருக்கிறது. 2004-ம் வருஷம் கிருஷ்ணகிரி ஜில்லா தனியாகப் பிரியும்வரை ஓசூரும் நம் தர்மபுரி ஜில்லாவில்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் பெங்களூர். அங்கே 1876-லேயே கோல்ப் சங்கம் தொடங்கிவிட்டார்கள்.

அது மட்டும் அல்ல. இந்த ஆட்டத்தின் இரண்டு பாதியும் நம் தெருவிலேயே இருக்கின்றன.

பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ அரூரிலோ பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்களைக் கவனியுங்கள். ஒரு கூட்டம் கிட்டிப்புள் ஆடும். புள்ளை எழுப்பி, ஓங்கி ஒரு போடு போட்டு, எத்தனை தூரம் போயிற்று என்று பார்ப்பார்கள். இன்னொரு கூட்டம் கோலி ஆடும். மண்ணில் சின்னக் குழி. விரலை வளைத்து, மூச்சைப் பிடித்து, கோலிக்குண்டைக் குழிக்குள் அனுப்புவார்கள்.

முதல் பாதி கிட்டிப்புள், இரண்டாம் பாதி கோலி. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் அதுதான் கோல்ப்!

அதன் விதியும் எளிது. ஓர் இடத்தில் பந்தை வைத்து அடிக்க வேண்டும். 400 கெஜத்துக்கு அப்பால் ஒரு குழி இருக்கும். பந்து போய் நின்ற இடத்திலிருந்து மறுபடி அடிக்க வேண்டும். இப்படியே போய்க் குழியில் பந்தை விழச் செய்ய வேண்டும். யார் குறைந்த தடவை அடித்தாரோ அவர் ஜெயித்தார். பந்தின் குறுக்களவு 1.68 அங்குலம். குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம். வீட்டில் இருக்கும் சின்னச் சொம்பின் வாயை நினைத்துக் கொள்ளுங்கள்.

குழியைச் சுற்றி வழவழப்பான புல்தரை இருக்கும். அதுதான் பச்சைத்தரை. 'கிரீன்' என்பார்கள். அங்கே புல்லின் உயரம் ஒரு நெல்மணியின் பருமனுக்கு மேல் போகாது. அவ்வளவு ஒட்ட வெட்டி வைத்திருப்பார்கள். அதன்மேல் பந்து எண்ணெய்மேல் ஓடுவதுபோல் ஓடும். அங்கே ஓங்கி அடிக்கக் கூடாது, தட்ட வேண்டும். தட்டுவதற்கென்று தனி மட்டை. அதற்குப் 'பட்டர்' என்று பெயர். வெண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை!

இங்கே ஒரு சொல்லை முன்கூட்டியே பிரித்து வைத்துவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் இத்தனை 'அடி' தூரம் என்று எழுதினால், அது 12 அங்குலம் கொண்ட அடி. தூரத்திலிருந்து ஓங்கி அடிப்பதை 'வீச்சு' என்றும், பச்சைத்தரையில் மெதுவாக உருட்டுவதைத் 'தட்டு' என்றும் எழுதுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கும் குழம்பும், எனக்கும் குழம்பும்.

பாதிக்குப் பாதி

பெரிய பந்தயங்களில் ஒருநாள் ஆட்டம் 18 குழிகள். நல்ல ஆட்டக்காரர் அதை முடிக்க 70, 71 அல்லது 72 தடவை ஆகும் என்று மைதானத்துக்கு ஏற்றபடி கணக்கு வைத்திருக்கிறார்கள். 72 என்றே வைத்துக் கொள்வோம். இந்த 72 எப்படி வந்தது? ஒவ்வொரு குழிக்கும் இரண்டு தட்டு என்று ஒதுக்குகிறார்கள். 18 குழிக்கு 36 தட்டு. மிச்சம் 36 வீச்சு.

பார்த்தீர்களா? சரிபாதி!

300 கெஜம் பறக்கிற வீச்சும் கணக்கில் ஒன்று. 3 அங்குலம் உருள்கிற தட்டும் கணக்கில் ஒன்று. கைதட்டல் முதலாவதற்கு, கண்ணீர் பெரும்பாலும் இரண்டாவதற்கு.

சரி, அப்படியானால் வீச்சு சரியாக வராதவனுக்குத்தானே தட்டும் சரியாக வராது? நன்றாக வீசுகிறவனின் தட்டு ஏன் திடீரென்று மோசமாகத் தெரிகிறது? கோல்ப் பழகுகிறவர்கள் பலர் புலம்புகிற புலம்பல் இது. "வீச்சு தேறிவிட்டது, தட்டு கெட்டுவிட்டது" என்பார்கள். உண்மையில் தட்டு கெடவே இல்லை. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் விளங்கும்.

வீச்சு நீண்டது, கணக்கும் நீண்டது

ஒரே ஆளை எடுத்துக் கொள்வோம். சென்ற வருஷம் அவருக்கு வீச்சு குட்டை. 400 கெஜக் குழி. முதல் வீச்சு 190 கெஜம் போயிற்று. இரண்டாவது 170. இன்னும் 40 கெஜம் பாக்கி. மூன்றாவதாக மெல்லத் தூக்கிப் போட்டார். அவ்வளவு கிட்டத்திலிருந்து போடுகிற பந்து எங்கே நிற்கும்? குழிக்கு 4 அடி, 5 அடி தூரத்தில் நிற்கும். ஒரே தட்டு. பந்து உள்ளே. மொத்தம் நாலு. "ஆகா, என் தட்டு எப்படி!" என்று மீசையை முறுக்கிக் கொண்டார்.

இந்த வருஷம் அவர் பாடுபட்டுப் பயிற்சி செய்தார். முதல் வீச்சு 250 கெஜம்! இரண்டாவது வீச்சு 150 கெஜம் பறந்து, நேரே பச்சைத்தரையிலேயே இறங்கிவிட்டது. ஆனால் 150 கெஜத்துக்கு அப்பாலிருந்து வந்த பந்து குழிக்குப் பக்கத்திலா வந்து நிற்கும்? 40 அடி தள்ளி நிற்கிறது. இப்போது 40 அடித் தட்டு! சென்ற வருஷம் அவர் இப்படி ஒரு தட்டைக் கண்ணாலேயே கண்டது இல்லை. தட்டினார். 7 அடி முன்னதாகவே நின்றுவிட்டது. மறுபடி தட்டினார். விளிம்பை உரசிக்கொண்டு வெளியே போயிற்று. மூன்றாவது தட்டில் விழுந்தது.

மொத்தம் ஐந்து! சென்ற வருஷத்தைவிட ஒன்று அதிகம். மனிதர் பட்டரைத் தூக்கிப் புதரில் எறியாததுதான் பாக்கி.

அவர் கை கெட்டதா? இல்லை. சென்ற வருஷமும் அவருக்கு 40 அடித் தட்டு வந்திருந்தால் மூன்றுதான் ஆகியிருக்கும். வரவில்லை, அதனால் தெரியவில்லை. கரையில் பொத்தல் இருக்கிறது என்பது ஏரி வறண்டு கிடக்கும்போது யாருக்குத் தெரியும்? நம் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். நல்ல மழை பெய்து தண்ணீர் ஏறிய பிறகுதான் கரையின் கசிவு தெரியும். கரை கசிவதற்காக மழையைத் திட்டுவார் உண்டா?

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. பந்தைப் புதரிலிருந்து மீட்டு, தட்டுத்தடுமாறிப் பச்சைத்தரைக்கு வந்தவன், "எப்படியாவது ஒப்பேற்றினால் போதும்" என்ற மனத்தோடு தட்டுகிறான். விழுந்தால் லாபம். இரண்டே வீச்சில் வந்தவனோ, "இது விழுந்தே தீர வேண்டும்" என்று நிற்கிறான். விழாவிட்டால் நஷ்டம்! தூரம் ஒன்றுதான், குழியும் ஒன்றுதான். நெஞ்சின் படபடப்புதான் வேறு.

நானும் ஒரு முறை, நண்பர் ஒருவர் தயவில், பெங்களூர்ப் பக்கத்து மைதானம் ஒன்றில் பட்டரைப் பிடித்துப் பார்த்தேன். "என்ன பிரமாதம், உருட்டிவிட்டால் போகிறது" என்று நினைத்தேன். 30 அடி தூரம். ஐந்து தட்டு ஆயிற்று. நான்காவது தட்டு குழியைத் தாண்டி, முதலில் நின்ற இடத்துக்கே பாதி தூரம் திரும்பிவிட்டது! பை தூக்கி வந்த பையன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக் கொண்டான்.

ஒரே வருஷத்தில் இரண்டு முகம்

இந்தியாவின் முன்னணி வீரர் அனிர்பன் லஹிரி. ராணுவ டாக்டர் ஒருவரின் மகன். பெங்களூரில் பயிற்சி பெற்றவர்.

2015-ம் வருஷம் அவருக்கு வெற்றிமேல் வெற்றி. மலேசியப் போட்டியில் ஜெயித்தார்; இந்திய ஓபன் போட்டியிலும் ஜெயித்தார். ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் என்ற மாபெரும் போட்டி. அதற்கு முன்னோட்டமாக, யார் மிக நீளமாக அடிப்பது என்று வீரர்களுக்குள் ஒரு பந்தயம் வைத்தார்கள். உலக வீரர்கள் எல்லாம் வீசினார்கள். ஜெயித்தவர் யார் தெரியுமா? நம் லஹிரி! 327 கெஜம்! பிறகு போட்டியிலும் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்து கொண்டார். அத்தனை பெரிய போட்டியில் அதுவரை எந்த இந்தியரும் அவ்வளவு உயரத்துக்குப் போனது இல்லை.

இரண்டே மாதம் கழிந்தது. அக்டோபர் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தென்கொரியாவில் இன்ச்சான் நகரம். பிரசிடென்ட்ஸ் கோப்பைப் போட்டி. ஒரு பக்கம் அமெரிக்கா. மறு பக்கம் ஐரோப்பா தவிர்த்த மற்ற உலக நாடுகளின் வீரர்கள். அந்த அணியில் இடம் பெற்ற முதல் இந்தியர் லஹிரி.

அவரை எதிர்த்தவர் கிறிஸ் கிர்க் என்ற அமெரிக்கர். கடைசிக் குழிக்கு வந்தபோது இருவரும் சமம். கடைசிப் பச்சைத்தரை. கிர்க்கின் பந்து குழிக்குச் சுமார் 15 அடி தூரத்தில். லஹிரியின் பந்து சுமார் 4 அடியில்! யார் பார்த்தாலும் லஹிரி பக்கம்தான் பணம் கட்டுவார்கள்.

கிர்க் தட்டினார். 15 அடி உருண்டு, பந்து குழிக்குள் விழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

இப்போது லஹிரி. 4 அடி. தட்டினார். பந்து குழியின் ஓரத்தைத் தொட்டு விலகிவிட்டது!

அமெரிக்கா பதினைந்தரை, உலக அணி பதினாலரை. அந்த 4 அடித் தட்டு விழுந்திருந்தால் லஹிரியின் ஆட்டம் சமம். ஆளுக்கு அரைப் புள்ளி. மற்ற ஆட்டங்கள் நடந்தபடியே நடந்திருந்தால், கணக்கு பதினைந்துக்குப் பதினைந்து. 327 கெஜம் அடித்த கை, 4 அடியில் அரைப் புள்ளியை நழுவவிட்டது.

லஹிரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த இடத்துக்குப் போனதால்தான் அந்தத் தட்டு அவருக்கு வந்தது. போகாதவனுக்கு ஏது தவறு?

ஓர் அங்குலத்துக்கு ஒரு பஞ்சாயத்து

அமெரிக்காவில் சாம் ஸ்னீட் என்று ஒருவர் இருந்தார். அவர் வீச்சைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் கூடுவார்கள். அமெரிக்கப் பந்தயங்களில் 82 வெற்றிகள் பெற்றவர். அந்தக் கணக்கைப் பிற்காலத்தில் டைகர் உட்ஸ் எட்டிப்பிடித்ததே 2019-ல்தான்.

1947-ம் வருஷம் செயின்ட் லூயி நகரில் அமெரிக்க ஓபன். ஸ்னீடும் லூ வொர்ஷாமும் சமமாக முடித்தார்கள். மறுநாள் இருவருக்கும் மட்டும் 18 குழி ஆட்டம். அதிலும் கடைசிக் குழிவரை சமம்! இருவர் பந்தும் குழிக்கு இரண்டரை அடி தூரத்தில் நிற்கின்றன.

ஸ்னீட் குனிந்து தட்டப்போனார். "கொஞ்சம் பொறுங்கள். யார் பந்து அதிக தூரத்தில் இருக்கிறது? அவர்தானே முதலில் தட்ட வேண்டும்?" என்று கேட்டார் வொர்ஷாம். நாடாவைக் கொண்டுவந்து அளந்தார்கள். ஸ்னீடின் பந்து முப்பதரை அங்குலம். வொர்ஷாமின் பந்து இருபத்தொன்பதரை அங்குலம். ஓர் அங்குலம் வித்தியாசம்! ஸ்னீடுதான் முதலில் தட்ட வேண்டும்.

அளந்து முடிப்பதற்குள் அவர் நெஞ்சு என்ன பாடுபட்டதோ! தட்டினார். தவறியது. வொர்ஷாம் தட்டினார். விழுந்தது. அவர் சாம்பியன். ஸ்னீட் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷங்கள் ஆடினார். அமெரிக்க ஓபன் மட்டும் கடைசிவரை அவருக்குக் கிடைக்கவே இல்லை.

வயது ஏற ஏற அவருக்குத் தட்டும்போது கை உதறத் தொடங்கியது. பந்து போகும் வழிக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு காலாக வைத்து, நடுவில் பட்டரைத் தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்தார். 1968-ல் அதற்குத் தடை போட்டுவிட்டார்கள். உடனே அவர் கால்களைச் சேர்த்து, பக்கவாட்டில் நின்று தட்ட ஆரம்பித்தார். கெட்டிக்காரர்!

குட்டை வீச்சு, கெட்டித் தட்டு

எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடுவோம். பெங்களூர்ப் பெண் அதிதி அசோக். டோக்கியோ ஒலிம்பிக் 2021 ஆகஸ்டில் நடந்தபோது, உலக வரிசையில் அவர் 200-வது இடத்தில் இருந்தார். அந்த வருஷம் கொரோனாவில் படுத்து எழுந்தவர். வீச்சின் நீளம் குறைந்து போயிருந்தது. போட்டிக்கு வந்த 60 பெண்களில் நீளமாக அடிப்பவர் வரிசையில் அவர் ஏறக்குறைய கடைசி.

தட்டு வரிசையிலோ முதலிடம்!

பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர் அவருடைய தாயார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தகப்பனார் தூக்கினார். இப்போது தாயார் முறை. நாலு நாள் ஆட்டத்தில் அந்தப் பெண் பதக்க வரிசையை விட்டு இறங்கவே இல்லை என்று சொல்லலாம். விடியற்காலையில் எழுந்து டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தவர்களில் பலருக்குக் கோல்ப் என்றால் என்னவென்றே தெரியாது. கடைசிக் குழியில் ஒரு நீண்ட தட்டு. விழுந்திருந்தால் இரண்டாம் இடத்துக்கான மோதலில் அவரும் சேர்ந்திருப்பார். விழவில்லை. நாலாவது இடம்.

கல்கத்தாவில் எஸ்.எஸ்.பி. சவுராசியா என்று ஒருவர். கோல்ப் மைதானத்தில் புல் பராமரிக்கும் தொழிலாளியின் மகன். மைதானத்திலேயே ஆட்டம் பழகினார். அவருக்கும் வீச்சு குட்டை. ஆனால் தூக்கிப் போடுவதிலும் தட்டுவதிலும் கெட்டிக்காரர். 'சிப்' என்றால் தூக்கிப் போடுவது. 'பட்' என்றால் தட்டுவது. இரண்டையும் சேர்த்து அவர் பெயரையே 'சிப்புட்சியா' என்று நண்பர்கள் மாற்றிவிட்டார்கள்!

2015 இந்திய ஓபனில் லஹிரியும் சவுராசியாவும் சமமாக முடித்தார்கள். கூடுதல் குழியில் லஹிரி ஜெயித்தார். 2016-ல் அதே டெல்லி மைதானத்தில் சவுராசியா ஜெயித்தார். லஹிரிக்கு இரண்டாம் இடம். 2017-லும் சவுராசியாதான். நீளமும் ஜெயிக்கும், நிதானமும் ஜெயிக்கும் போலிருக்கிறது.

பேராசிரியரின் கணக்கு

"நீண்ட வீச்சு பார்க்கிறவர்களுக்கு, குழித்தட்டு பணப்பைக்கு" என்ற கருத்தில் கோல்ப் உலகத்தில் ஒரு பழமொழி உண்டு. நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மார்க் பிராடி என்ற பேராசிரியர் இது நிஜம்தானா என்று கணக்குப் போட்டார். பெரிய போட்டிகளில் அடித்த லட்சக்கணக்கான அடிகளை ஒவ்வொன்றாக அலசினார். 2014-ல் புத்தகமும் வெளியிட்டார்.

அவர் கண்டது இதுதான். முன்னணி வீரர்களுக்கும் சாதாரண வீரர்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, 100 கெஜத்துக்கு மேற்பட்ட வீச்சுகளில் இருக்கிறது. தட்டின் பங்கு அதைவிட எவ்வளவோ குறைவு. ஆகவே, வீச்சைத் தேற்றிக் கொண்டவன் ஏமாளி அல்ல. நம் 400 கெஜக் கதையிலும், ஒரு குழியில் ஒன்று கூடினாலும், 18 குழியையும் கூட்டிப் பார்த்தால் மொத்தம் குறைந்திருக்கும். சென்ற வருஷம் புதரிலும் குட்டையிலும் போட்ட பந்துகளை அவர் மறந்துவிட்டார்!

வெறும் தட்டு எண்ணிக்கையை வைத்து ஒருவரை எடை போட்டால் கணக்குத் தப்பும் என்பதும் அவர் வாதம். 5 அடியில் ஒரே தட்டில் முடித்தவரும், 50 அடியில் இரண்டு தட்டில் முடித்தவரும் ஒன்றா? இரண்டாமவர்தான் சமர்த்தர்.

உலகத் தொழில் வீரர்களே எவ்வளவு தூரத்தில் எத்தனை தவறவிடுகிறார்கள் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 3 அடியில் நூற்றுக்கு 96 விழும். 8 அடிக்குப் போனால் பாதிதான் விழும். பூவா தலையா போலத்தான். 20 அடியில் நூற்றுக்குச் சுமார் 15. சுமார் 33 அடிக்கு மேல் போனால், இரண்டு தட்டில் முடிப்பதே அவர்களுக்குக்கூட நிச்சயம் இல்லை. மூன்று தட்டு எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். தொழில் வீரர் கதியே இது என்றால், ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர் 40 அடியில் மூன்று தட்டியதற்குத் தலையில் அடித்துக் கொள்ளலாமா?

வண்டிச் சக்கரமும் மடை பார்க்கும் கண்ணும்

என்ன செய்யலாம்? அமெரிக்காவின் ஸ்காட்டி ஷெப்லர் என்ன செய்தார் என்று பாருங்கள். 2023-ல் பச்சைத்தரைக்கு வந்து சேரும்வரை அவருக்கு ஈடு உலகத்தில் யாரும் இல்லை. தட்டில் மட்டும் அமெரிக்கப் போட்டி வீரர்கள் வரிசையில் 162-வது இடம்! அவர் கூச்சப்படாமல் இங்கிலாந்துக்காரர் பில் கென்யன் என்பவரிடம் தட்டுப் பாடம் கேட்கப் போனார். 2024 மார்ச்சில் பட்டரையும் மாற்றினார். அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு பெரிய போட்டிகள் அவருக்கு. ஏப்ரலில் மாஸ்டர்ஸ். ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் தங்கம். வீச்சுக்காகக் கை வலிக்கப் பழகுகிறவர்கள் தட்டுக்காகக் கால் மணி நேரம் ஒதுக்குவது இல்லை. அதுதான் வழக்கமான குறை.

தூரத் தட்டில் பந்து இடம் வலமாக விலகுவது கொஞ்சம்தான். முன்னதாக நின்றுவிடுவதும், தாண்டி ஓடுவதும்தான் அதிகம். ஆகவே 40 அடியிலிருந்து குழியைக் குறிபார்க்க வேண்டாம். குழியை நடுவில் வைத்து ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் படுத்துக் கிடப்பதாக நினைத்துக் கொள்ள வேண்டும். அந்தச் சக்கரத்துக்குள் பந்து நின்றால் போதும். இரண்டாவது தட்டு கைக்கு அடக்கமாக இருக்கும். 30 அடி, 40 அடி, 50 அடி என்று மாற்றி மாற்றிப் பழக வேண்டும். பிறகு 3 அடி தூரத்தில் குழியைச் சுற்றி வட்டமாகப் பந்துகளை வைத்து, ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிப் பழக வேண்டும். ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து!

தரையின் சரிவைக் கண்டுபிடிப்பது எப்படி? அனுபவசாலிகள் சொல்லும் வழி எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. ஒரு குடம் தண்ணீரை இங்கே கொட்டினால் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்க வேண்டுமாம். பந்தும் அந்தப் பக்கம்தான் சாயும். வயலில் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுகிற நம் விவசாயி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால், பாதிப் பேருக்கு அவரே வாத்தியாராக இருப்பார்!

மறுபடியும் மக்கில்ராய்

ஆரம்பத்தில் சொன்ன மக்கில்ராயின் கதை 2022-ல் முடியவில்லை. 2024 ஜூன் 16-ந் தேதி அமெரிக்க ஓபன். ஐந்து குழிகள் பாக்கி இருக்கையில் அவர் இரண்டு முன்னணியில் இருந்தார். அந்த சீசனில் 3 அடிக்குள்ளாக அவருக்கு 496 தட்டுகள் வந்தன, 496-ம் விழுந்தன. அன்று 16-வது குழியில் இரண்டரை அடித் தட்டு தவறியது. கடைசிக் குழியில் 3 அடி 9 அங்குலத் தட்டும் தவறியது. ஒன்றே ஒன்றில் கோப்பை போயிற்று.

2025 ஏப்ரல் 13-ந் தேதி மாஸ்டர்ஸ். நான்கு பெருங்கோப்பைகளில் அவரிடம் இல்லாதது அது ஒன்றுதான். கடைசிக் குழியில் 5 அடித் தட்டு. விழுந்தால் ஜெயம். தவறியது! பார்த்துக் கொண்டிருந்தவர்கள் "ஐயோ, மறுபடியுமா?" என்று தலையில் கை வைத்தார்கள். ஜஸ்டின் ரோஸுடன் கூடுதல் குழி ஆட வேண்டியதாயிற்று.

அதே குழிக்கு மறுபடியும் வந்தார்கள். மக்கில்ராயின் இரண்டாவது வீச்சு பச்சைத்தரையில் இறங்கி, சரிவில் உருண்டு வந்து, குழிக்குச் சுமார் 4 அடியில் நின்றது. ரோஸின் தட்டு தவறியது. மக்கில்ராய் குனிந்தார். தட்டினார். பந்து உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் பட்டர் பின்பக்கம் பறந்தது. அவர் முழந்தாளிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார்.